நல்லா ஓடியாடுற புள்ளைக்கு எதுக்கு மாத்திரை?

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் ரெண்டு புள்ளைங்களுக்கும் வில்சன் நோய் இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், உடம்புல செம்புச் சத்து வெளிய போகாம தேங்கிப் போற பரம்பரை நோய் அது. அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அதைப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, இத்தனை வீட்டுல இது இருக்கான்னு படிக்கப் படிக்க எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் பேசுறேன். நான் டாக்டர் இல்லை, மன்னார்குடி பக்கத்துல ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா, பத்து வருஷமா இந்த மாத்திரைகளோட வாழ்றவ, அவ்வளவுதான். எத்தனை மில்லிகிராம், எந்த மாத்திரைங்கிறது மட்டும் உங்க டாக்டர் சொல்றதுதான்.

கேள்வி: (வாசகி, திருத்துறைப்பூண்டி பக்கம்) அக்கா, என் பெரியவனுக்கு 11 வயசு. மஞ்சக்காமாலைன்னு நினைச்சு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தோம், வயிறும் காலும் வீங்கினப்புறம்தான் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போனோம், கடைசியில வில்சன் நோய்னு சொன்னாங்க. கூடப்பிறந்தவளுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னாங்க, எடுத்தா அவளுக்கும் இருக்குதாம். அவளுக்கு 6 வயசு, ஒண்ணுமே இல்லக்கா, ஓடுறா ஆடுறா, கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்றா. அவளுக்கும் தினம் சிங்க் மாத்திரை குடுக்கச் சொல்றாங்க, குடுத்தா வாந்தி எடுக்குறா. எங்க அத்தை, அதான் மாமியார், நல்லா ஓடியாடுற புள்ளைக்கு மாத்திரையைக் குடுத்து நோயாளி ஆக்குறியான்னு சத்தம் போடுறாங்க. மூணு வாரமா சின்னவளுக்கு மட்டும் குடுக்கல. தப்புப் பண்றேனா? என் வீட்டுக்காரரு சொந்த மாமா பையன்தான், இப்ப ரெண்டு வீடும் ஒண்ணை ஒண்ணு குத்தம் சொல்லிக்கிட்டு பேச்சு வார்த்தையே இல்லாம கெடக்கு.

பதில்: தங்கச்சி, இதோட படிக்கிறதை நிறுத்திட்டு முதல்ல உங்க டாக்டருக்கு போன் போடுங்க. மூணு வாரமா குடுக்கலைன்னு மறைக்காம சொல்லுங்க, திட்டினா வாங்கிக்கங்க, அவங்க சொல்ற மாதிரி திரும்ப ஆரம்பிங்க. மிச்சத்தை அப்புறம் வந்து படிச்சுக்கலாம்.

பேசிட்டீங்களா? சரி.

எனக்கு இந்த நோயைப் புரிய வச்ச டாக்டரும் நம்ம பக்கத்து ஊருக்காரர்தான், அவர் வயக்காட்டை வச்சுத்தான் சொன்னார். வாய்க்கால்ல தண்ணி வருது, வயலுக்கு வேணுங்கிறது போக மிச்சம் வடிகால்ல போயிடணும், வடிகால் அடைச்சுக்கிச்சுன்னா என்னாகும்? பயிர் நாலு நாள் பச்சையாத்தான் நிக்கும், பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அடியில வேர் அழுகிக்கிட்டு இருக்கும். நாம திங்கிற சோறு, பருப்பு, கீரை எல்லாத்துலயும் கொஞ்சம் செம்புச் சத்து இருக்கு, உடம்புக்கு அது துளிதான் வேணும், மிச்சத்தை கல்லீரல் பித்தத்தோட வெளிய தள்ளிடும். அப்படித் தள்ளுற வேலைக்கு ஏடிபி7பின்னு ஒரு ஜீன் இருக்கு, அதுல கோளாறுன்னா வடிகால் அடைச்ச மாதிரிதான், பிறந்ததுலேர்ந்து செம்பு கல்லீரல்ல சேந்துக்கிட்டே இருக்கும், அங்க தாங்காம மூளைக்கும் கண்ணுக்கும் போகும். சின்னவ இப்ப பச்சையா நிக்கிற பயிர். பெரியவனும் ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தானே ஓடியாடிக்கிட்டு இருந்தான்?

என் கதையைச் சொல்றேன். என் பையனுக்கு கல்லீரல்ல ஆரம்பிச்சு மூளைக்குப் போனப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அவன் நாலாம் வகுப்பு நோட்டு ஒண்ணு இன்னும் என் பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. ஜூன் மாசத்துப் பக்கத்துல எழுத்து முத்து முத்தா உருண்டையா இருக்கும், ஆயுத பூஜை சமயத்துல ழ-வோட வால் கோட்டைத் தாண்டி அடுத்த வரியில போய் இடிக்கும், மார்கழியில என்ன எழுதியிருக்கான்னே படிக்க முடியாது, பென்சிலை அழுத்தி அழுத்திப் பேப்பரே கிழிஞ்சிருக்கு. ஸ்கூல்ல அடி வாங்கினான். வீட்டுல நானும் அடிச்சேன். சாயங்காலம் சட்டை காலர் நனைஞ்சு வருவான், வாயில எச்சில் வடியுதுன்னு எனக்குத் தோணவே இல்லை, குழாயில தண்ணி குடிக்கும்போது நனைச்சுக்கிட்டான்னு அதுக்கும் ஒரு அடி. மூணு ஆஸ்பத்திரி, ஒரு மந்திரிக்கிறவரு எல்லாம் பாத்தோம். கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டர் பேப்பர் பேனா குடுத்து பேரை எழுதுப்பான்னு சொன்னாங்க, எழுதுறதைப் பாத்துட்டு கண்ணுல லைட் அடிச்சுப் பாத்தாங்க, கருவிழி ஓரத்துல பழுப்பும் பச்சையுமா ஒரு வளையம், பித்தளைப் பாத்திரம் தேய்க்காம விட்டா விளிம்புல ஏறுமே அந்த மாதிரி. அது கண்ணுல படிஞ்ச செம்புங்க. அந்த நோட்டை எடுத்துப் பாக்குற தைரியம் எனக்கு வருஷத்துல ஒரு நாள்தான் வரும்.

என் பொண்ணுக்கு அப்ப 5 வயசு, உங்க சின்னவ மாதிரியேதான், ஒரு குறையும் கிடையாது. கண்ணுல வளையமும் இல்லை. (வளையம் இல்லைன்னா நோய் இல்லைன்னு நினைச்சுடாதீங்க, கல்லீரல் மட்டும் பாதிச்ச நிறைய புள்ளைங்களுக்கு அது இருக்காது.) ரத்தத்துல செருலோபிளாஸ்மின்னு செம்பைச் சுமக்குற ஒரு புரதம், 24 மணி நேர சிறுநீர்ல செம்பு, அப்புறம் ஜீன் டெஸ்ட்டு எல்லாம் எடுத்துத்தான் சொன்னாங்க. இப்ப அவளுக்கு 15. இன்னிக்கு வரைக்கும் கை ஒரு தடவை நடுங்கினதில்லை, கோலப்போட்டியில தேர்க்கோலம் போடுறா. அவளுக்கு முன்னாடி என் பையன் பட்டதுதான் அவளைக் காப்பாத்துச்சு, உங்க வீட்டுலயும் அப்படித்தான். பெரியவன் பட்ட கஷ்டத்துல சின்னவளுக்கு ஆறு வயசுலயே தெரிஞ்சு போச்சு, அதை மூணு வாரம் முப்பது வாரம்னு கையை விட்டுடாதீங்க.

வாந்திக்கு வர்றேன். சிங்க் வெறும் வயித்துல போனா நிறைய புள்ளைங்களுக்குக் குமட்டும். சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும்னு சொல்வாங்க, சாப்பாடோட சேந்தா வேலை செய்யாது, ஏன்னா குடல்லயே செம்பு உள்ள ஏறாம தடுக்குறதுதான் சிங்க்கோட வேலை. என் பொண்ணுக்கு காலையில எழுந்த உடனே குடுத்தா அப்படியே வெளிய வந்துடும். டாக்டர்கிட்ட சொன்னேன், முதல் வேளையைக் காலையில வேண்டாம், டிபனுக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் நடுவுல மாத்திக்கங்கன்னாங்க, நின்னுடுச்சு. நேரத்தை மாத்தலாம், மருந்தையே கூட மாத்தலாம், உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நாமளா நிறுத்துறதுதான் கூடாது. பெரியவனுக்குப் பெனிசிலமின், அதான் சேந்து போன செம்பை சிறுநீர்ல வெளிய இழுக்குற மருந்து, குடுத்தாங்கன்னா அதுவும் வெறும் வயித்துலதான், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாடி இல்லை ரெண்டு மணி பின்னாடி, கூடவே பி6 வைட்டமின் குடுக்கச் சொல்லியிருப்பாங்க, அதை விட்டுடாதீங்க. ஒரே புள்ளைக்கு பெனிசிலமினும் சிங்க்கும் ரெண்டும் எழுதியிருந்தா சேத்து விழுங்க வைக்கக்கூடாது, ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும். பெனிசிலமின் ஆரம்பிச்ச புதுசுல காய்ச்சல், உடம்புல தடிப்பு, மூஞ்சி வீக்கம், சிறுநீர்ல நுரை எது வந்தாலும் உடனே ஓடுங்க. என் பையனுக்கு முதல் மூணு மாசம் நடுக்கம் கூடித்தான் போச்சு, மூளை பாதிச்ச சிலருக்கு அப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க, சொல்லலைன்னா நானும் மாத்திரையைத் தூக்கி கொல்லையில எறிஞ்சிருப்பேன்.

அத்தையைக் கோச்சுக்காதீங்க. பேத்தி மேல இருக்குற பாசத்துலதான் கத்துறாங்க. எங்க வீட்டுலயும் அப்பாயி இதையேதான் கேட்டாங்க. நான் வாதாடல, அடுத்த செக்கப்புக்கு அவங்களையே கூட்டிட்டுப் போயிட்டேன், டாக்டர் பையன் கண்ணுல லைட் அடிச்சு இங்க பாருங்க ஆயான்னு வளையத்தைக் காட்டினாங்க. அவங்க ஒண்ணும் பேசல. மறுநாள் விடியக்காலம் சொம்புத் தண்ணியோட மாத்திரையை வச்சுக்கிட்டு பேரன் பாய் கிட்ட உக்காந்திருந்தாங்க, சாகுற வரைக்கும் காலை வேளை அவங்க பொறுப்புதான். வருஷம் போகப் போக அந்த வளையம் மங்கினதையும் அவங்க பாத்தாங்க. இதையும் அத்தைகிட்ட சொல்லுங்க: இந்த நோயைப் பத்தி லண்டன்ல வில்சன்னு ஒரு டாக்டர் 1912லயே எழுதிட்டாரு, ஆனா 1956ல வால்ஷ்னு இன்னொரு டாக்டர் பெனிசிலமினைக் கொண்டு வர்ற வரைக்கும் வாயில போட்டு விழுங்குற சரியான மருந்து கிடையாது, புள்ளைங்க கை கால் முறுக்கிக்கிட்டுச் செத்துப் போயிட்டாங்க. எத்தனையோ பரம்பரை நோய்க்கு இன்னிக்கும் மருந்து இல்லை, நம்ம புள்ளைங்களுக்கு இருக்கு.

சொந்தத்துல கட்டினது பத்தி. ஆமா, சொந்தத்துல கட்டினா ரெண்டு பேருகிட்டயும் ஒரே கோளாறு ஜீன் இருக்க வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனா எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சொந்தமும் கிடையாது, அவரு வேதாரண்யம், நான் வலங்கைமான், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும் யாரு எவருன்னே தெரியாது, எங்க ரெண்டு புள்ளைக்கும் வந்துச்சே! ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு ரெண்டா இருக்கு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் கோளாறுன்னா நோய் வராது, சுமந்துக்கிட்டு இருப்போம், தெரியவே தெரியாது. அப்படிச் சுமக்குற ரெண்டு பேரு சேந்தா ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. முதல் புள்ளைக்கு வந்துடுச்சு, இனிமே வராதுன்னு கணக்கு கிடையாது, ஒவ்வொரு தடவையும் அதே நாலுல ஒண்ணு. ரெண்டு வீட்டுலேர்ந்தும் சமமா வந்ததுங்க இது, ஒரு வீட்டை மட்டும் குத்தம் சொல்ல இதுல எடமே இல்லை. சண்டை போடுற நேரத்துக்கு உங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்தவங்க, உங்க கூடப்பிறந்தவங்க எல்லாரையும் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, மாத்திரை வீட்டுல ரெண்டு மாசத்துக்காவது இருக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க வீட்டுல பதினோரு நாள் மாத்திரைதான் இருந்துச்சு, தென்னை மரமெல்லாம் ரோட்டுல, கரண்ட் இல்லை, போன் இல்லை, சாதாரண நாள்லயே இந்த மாத்திரையை மருந்துக்கடையில சொல்லி வச்சுத்தான் வரவழைக்கணும். அவரு மரத்தைத் தாண்டித் தாண்டி டிவிஎஸ்ஸைத் தூக்கிக்கிட்டு தஞ்சாவூர் போய் வாங்கிட்டு வந்தாரு. அன்னிலேர்ந்து ஐப்பசி பொறக்கும்போது அரிசி டின்னைப் பாக்குறதுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவைத்தான் பாக்குறேன்.

கேள்வி: (வாசகர், கும்பகோணம்) நான் மூணு தலைமுறையா பாத்திரக்கடை வச்சிருக்கேன்மா. பேரனுக்கு இந்த நோய்னு சொன்னதுலேர்ந்து தூக்கமே இல்லை. நாங்க வீட்டுல செம்புப் பானைத் தண்ணிதான் குடிப்போம், அதனாலதான் வந்துச்சா? அவனுக்கு இனிமே என்ன குடுக்கலாம், கோயில் தீர்த்தம்கூடக் குடுக்கக் கூடாதா?

பதில்: ஐயா, இல்லை. பானையால வரல, உங்க கடையால வரல, அந்தத் தண்ணியை நீங்க எல்லாரும்தானே குடிச்சீங்க? இது பிறவியிலேயே வந்தது. அதை மனசுலேர்ந்து இறக்கி வச்சிடுங்க.

ஆனா இனிமே பேரனுக்கு செம்புப் பானைத் தண்ணி வேண்டாம். உடம்புக்கு நல்லதுன்னு இப்ப எல்லாரும் செம்பு பாட்டில் தூக்கிட்டுத் திரியுறாங்க, மத்தவங்களுக்கு எப்படியோ, இவனுக்கு ஆகாது. பித்தளையிலயும் செம்புதானே இருக்கு, உங்களுக்குத் தெரியாததா, ஈயம் பூசினது தேஞ்சு போச்சுன்னா புளியும் தயிரும் எலுமிச்சையும் செம்பை இழுத்து விட்டுடும். எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு அவன் பேரு வெட்டிக் குடுத்துடுங்க. தீர்த்தம் பத்தி நானும் எங்க ராஜகோபாலசாமி கோயில்ல கையை நீட்டவா வேண்டாமான்னு நின்னவதான். எங்க டாக்டர்கிட்ட கேட்டேன், எப்பவாவது ஒரு உத்தரணி தீர்த்தத்துல ஒண்ணும் ஆகிடாது, தினமும் பானையில ஊற வச்சுக் குடிக்கிறதுதான் வேண்டாம்னாங்க. புள்ளையை சாமிகிட்டேர்ந்து பிரிச்சுடாதீங்க.

சாப்பாட்டுல ஈரல், நண்டு, சிப்பி, காளான், முந்திரி மாதிரி கொட்டைப் பருப்பு, எள்ளு, சாக்லேட் இதெல்லாம் செம்பு அதிகம். முதல் வருஷம் கண்டிப்பா இருக்கணும், அப்புறம் டாக்டர் கொஞ்சம் தளர்த்துவாங்க. அதுக்காக பத்தியத்துலயே சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க, மாத்திரைதான் வைத்தியம், பத்தியம் அதுக்குத் துணை. கல்லீரலுக்கு நல்லதுன்னு யாராவது நாட்டு மருந்து குடுத்தா என்ன சேத்திருக்குன்னு கேக்காம குடுக்காதீங்க, தாமிர பற்பம், தாமிர செந்தூரம்னு செம்பைப் புடம் போட்டே செய்யுற மருந்தெல்லாம் இருக்கு.

கேள்வி: (ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்) என் வகுப்புல ஒரு பையனுக்கு இந்த நோய், சிகிச்சையில இருக்கான். பேச்சு கொஞ்சம் குழறுது, எழுத ரொம்ப நேரம் ஆகுது. நான் என்ன செய்யணும்?

பதில்: டீச்சர், நீங்க இதைக் கேட்டீங்களே, எனக்கு உங்க கையைப் பிடிச்சுக்கணும் போல இருக்கு. அவனுக்கு பெரும்பாலும் புத்தி மங்கியிருக்காது, கையும் நாக்கும்தான் சொன்ன பேச்சு கேக்கல, மாத்திரை வேலை செய்யச் செய்ய நிறைய திரும்பி வரும், ஆனா மாசக்கணக்கு வருஷக்கணக்கு ஆகும். எழுத வேண்டியதைக் கொறைச்சு வாயால சொல்ல வைங்க. சத்தமா படிக்கச் சொல்லி நிக்க வைக்காதீங்க, மத்த புள்ளைங்க சிரிக்கும். மாத்திரை நேரம் ஸ்கூல்ல வந்தா தனியா கூப்பிட்டுக் குடுங்க, மறைவா குடுக்கலைன்னா வாங்கி பாக்கெட்டுல போட்டுக்குவான், என் பையன் அப்படி ரெண்டு வாரம் ஏமாத்தினான். காரணமில்லாம கோவம், அழுகை, திடீர்னு மார்க் எறங்குறது இதெல்லாம்கூட நோயோட குணமா இருக்கலாம், பாத்தா பெத்தவங்களுக்குச் சொல்லுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகையில நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் ஒண்ணு, நடுக்கம் மிச்சம் இருந்தா சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க, பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம் கேக்க அது உதவும்.

கேள்வி: (வாசகர், மயிலாடுதுறை) பொண்ணுக்கு மூணு வருஷமா பெனிசிலமின். இப்ப ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நிறுத்தலாமா? கல்லீரல் மாத்திட்டா ஒரேயடியா முடிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றாரு.

பதில்: நிறுத்தக்கூடாதுங்க. மாத்திரை சாப்பிடுறதாலதான் நார்மல். நல்லா இருந்தவங்க சில மாசம் விட்டதுலயே கல்லீரல் ஒரேயடியா செயலிழந்து போனது உண்டு. டாக்டர் பாத்து அளவைக் கொறைக்கலாம், சிங்க்குக்கு மாத்தலாம், ஆயுசுக்கும் ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும். கல்லீரல் மாத்தினா அந்தக் கோளாறு சரியாகும்கிறது நிஜம்தான், புது கல்லீரலுக்கு செம்பைத் தள்ளத் தெரியும். ஆனா அது கல்லீரல் கைவிட்டுப் போனவங்களுக்கு. அப்பவும் புது கல்லீரலை உடம்பு ஒதுக்காம இருக்க வேற மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணும். மாத்திரையில நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்கு அறுவை சிகிச்சை? நிஜமாவே தேவைப்படுறவங்க பணத்தை நினைச்சு ஒடிஞ்சு போயிடாதீங்க, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில பண்றாங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் இருக்கு.

கேள்வி: (வாசகி, பட்டுக்கோட்டை) பொண்ணுக்கு 22 வயசு, எட்டு வருஷமா மாத்திரை, நல்லா இருக்கா, வேலைக்குப் போறா. வரன் வருது. சொல்லிடணுமா? குழந்தை பிறக்குமா? பிறந்தா அதுக்கும் வருமா?

பதில்: சொல்லிடுங்கம்மா. மறைச்சுக் கட்டிக் குடுத்தா அங்க போய் மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சு சாப்பிடுவா, ஒரு நாள் விடுவா, ரெண்டு நாள் விடுவா, எனக்கு அந்தப் பயம்தான். கல்யாணம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

குழந்தை பிறக்கும். ஒழுங்கா மாத்திரை எடுத்துக்கிட்ட எத்தனையோ பேரு பெத்து வளக்குறாங்க. உண்டாகணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடியே கல்லீரல் டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பாத்துடணும், மாசமா இருக்கும்போது அளவை மாத்துவாங்க, ஆனா வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு யாரு சொன்னாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினா தாயோட உயிருக்கே ஆபத்து. புள்ளைக்கு அவகிட்டேர்ந்து ஒரு கோளாறு ஜீன் கட்டாயம் போகும், ஆனா நோய் வரணும்னா மாப்பிள்ளையும் அதைச் சுமக்குறவரா இருக்கணும். பொதுவா ஜனங்கள்ல ஏறக்குறைய 90 பேருக்கு ஒருத்தர் சுமக்குறதா கணக்கு, சொந்தத்துல தேடினா அந்த வாய்ப்பு ரொம்பக் கூடிடும், அதனால அத்தை வீடு மாமா வீடு வேண்டாம். மாப்பிள்ளைக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம், உங்க பொண்ணோட பழைய ஜீன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வைங்க, அது கையில இருந்தா வேலை சுலபம்.

பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வீட்டைக் கூட்டி ஒதுங்க வைக்கும்போது அவ மாத்திரை டப்பாவைத் தூக்கி பீரோவுல வைக்காதீங்க. தினமும் எங்க இருக்குமோ அங்கயே இருக்கட்டும்.